லயத்துச் சுண்டெலியின் இருபது நாள்

சபரகமுவையில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாத அப்படியொரு நாளில், மாற்றுத் துணி எடுக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருக்கும் றங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தால், பழைய சேலையின் ஒரு மூலை நூல் நூலாகப் பிய்ந்து கிடக்கும். பிள்ளையின் கொப்பித்தாள் துணுக்கு, தலையணையிலிருந்து உருவிய இலவம்பஞ்சு, காய்ந்த புல் எல்லாம் அந்த நூலோடு சேர்ந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணமாகியிருக்கும். கிண்ணத்துக்குள் விரல்நுனி அளவில் ஆறேழு சிவந்த உயிர்கள் நெளியும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்கள் இதைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள்.

பெட்டியைத் தூக்கிப் போய்க் கானோரத்தில் கவிழ்ப்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து இன்னொரு மூலையில் இன்னொரு கூடு. ஏன் மூன்று வாரம் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அந்தக் கணக்கு தெரியாமல் லயத்து எலியை எதிர்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் அது எந்த எலி என்று தெளிவாக்கிக்கொள்வோம். பெட்டிக்குள் குட்டி போடுவது வீட்டுச் சுண்டெலி. அறிவியல் பெயர் மஸ் மஸ்குலஸ். மனிதரோடு மனிதராகக் கப்பலிலும் மூட்டையிலும் உலகம் சுற்றிய இனம். சபரகமுவைக் காடுகளில் வேறு சுண்டெலிகளும் உண்டு. இலங்கைக்கே உரிய மஸ் மேயோரி 1915இல் பெயர் பெற்றது. இன்னொன்றான மஸ் பெர்னாண்டோனியை 1932இல் விவரித்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் ஒரு தேயிலைத் தோட்டத் துரை. இந்நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் அவர் எழுதிய கையேடு இன்றும் எடுத்துப் பார்க்கத்தக்கது. முள் போன்ற மயிருள்ள இந்த இரண்டும் காட்டுச் சீவன்கள். நம் அடுப்படிக்கு அவற்றால் தொல்லையில்லை.

அதேபோல மூஞ்சூறையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில இரவுகளில் சுவரோரமாக ஒரு தாயும் அதன் பின்னால் குட்டிகளும் ஒன்றின் பின்புறத்தை ஒன்று கவ்விக்கொண்டு ரயில்பெட்டிகள் போலப் போவதைப் பார்த்தவர்கள், எலி குட்டிகளை நடத்திக்கொண்டு போகிறது என்பார்கள். அது எலியே இல்லை. மூஞ்சூறு கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததன்று, பூச்சி தின்னி. கரப்பானைத் தின்று நமக்கு உதவும் அந்தப் பிராணி, முகத்தோற்றத்தாலும் நாற்றத்தாலும் எலியென்று அடிபட்டுச் சாகிறது. சுண்டெலிக் குட்டிகள் அப்படி வரிசை கட்டி நடப்பதில்லை. குட்டியை இடம் மாற்ற வேண்டுமென்றால் தாய் வாயில் கவ்வித்தான் தூக்கிப் போகும்.

சுண்டெலியின் சினைக்காலம் 19 முதல் 21 நாள். வயிற்றுக்குள் கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கும்; குட்டிகள் இரு பக்கமும் அவரை விதைகள் போல வரிசையாக வளரும். பேறு நெருங்கும்போது தாய் கூடு கட்டும் வேகம் கூடுகிறது. அதுவரை தட்டையாக இருந்த படுக்கையை மேலும் மேலும் பஞ்சும் நூலும் கொண்டுவந்து மூடிய உருண்டையாக்குகிறது. பேறு பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடக்கும். தாய் குனிந்து உட்கார்ந்து, வெளிவரும் குட்டியைப் பல்லாலும் முன்காலாலும் பற்றி இழுத்து, மூடியிருக்கும் சவ்வை நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து அறுக்கிறது. நச்சுக்கொடியைத் தின்றுவிடுகிறது. இரத்த வாடை பகையை அழைக்காமலும், இழந்த சத்து வீணாகாமலும் இருக்க அது உதவும். ஒரு குட்டியைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்தது வரும். ஓரிரு மணி நேரத்தில், சில வேளை மூன்று மணி நேரத்தில், எல்லாம் முடிந்துவிடும்.

ஓர் ஈற்றில் சாதாரணமாக ஐந்து முதல் எட்டுக் குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குச் சற்று மேலே. தாயே இருபது கிராம் அளவுதான் இருக்கும். ஆகவே ஆறு குட்டி ஈன்ற தாய், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே இரவில் இறக்கி வைத்திருக்கிறது.

பிறந்த குட்டிக்குக் கண் மூடியிருக்கும், காது ஒட்டியிருக்கும், உடம்பில் மயிர் கிடையாது. தோல் அவ்வளவு மெல்லியது. பால் குடித்த குட்டியின் வயிற்றில் வெண்மையாக ஒரு பொட்டுத் தெரியும். அது பால். அந்தப் பொட்டு இல்லாத குட்டி தாயிடம் சேரவில்லை என்று பொருள். ஆய்வுக்கூடங்களில் எலி வளர்ப்பவர்கள் குட்டி பிழைக்குமா என்று பார்ப்பதும் இந்தப் பொட்டை வைத்துத்தான். மூன்று நான்கு நாளில் காது விரியும். ஒரு வாரத்தில் மயிர் அரும்பும். 12 முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்று வாரம் ஆகும்போது கூட்டைவிட்டு வெளியே வந்து தானே கொறிக்கத் தொடங்கும்.

அந்த மூன்று வாரத்தில் தாய் படும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஐந்து இணைக் காம்புகள். பசும்பாலோடு ஒப்பிட்டால் அதன் பாலில் கொழுப்பு மூன்று மடங்கு. சில வேளை அதற்கும் மேல். பால் உச்சத்தில் சுரக்கும் நாட்களில் அது வழக்கமாகத் தின்பதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமாகத் தின்ன வேண்டியிருக்கிறது. குட்டிகள் பால் மறக்கும்போது அவை எல்லாவற்றின் மொத்த எடை தாயின் எடையைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அத்தனையும் அந்தச் சின்ன உடம்பின் வழியாகப் போனதுதான். கோதுமை மா மூட்டையில் ஓட்டை விழுவதற்குக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். ஒரு பாலூட்டும் தாய்க்கு அது ஓரிரவுத் தேவை.

குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கிச் சூடேற்றும் திறன்கூட இல்லை. தோளிடையில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் சூடு தரும். மிச்சம் கூடும் கூடப்பிறந்தவையும் தர வேண்டும். சிறுநீர் கழிக்கவும் தாயின் நாக்குத் தேவை. அது நக்கித் தூண்டினால்தான் குட்டி கழிக்கும். அந்த நீரையும் தாயே குடித்து, பாலில் இழந்த தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுகிறது.

கூட்டைவிட்டு உருண்டு வெளியே விழுந்த குட்டி குளிரும்போது கத்துகிறது. நமக்கு அது கேட்காது. மனிதச் செவி 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எட்டாது. குட்டியின் அழுகை அதற்கு மூன்று மடங்கு உயரத்தில் ஒலிக்கிறது. இதை 1956இல் ஜெர்மன் மொழியில் எழுதி வெளிப்படுத்தியவர்கள் ஹன்னா மரியா சிப்பெலியஸும் வொல்ஃப்காங் ஷ்லைட்டும். தாய்க்கு அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் ஓடிவந்து கவ்விக்கொண்டு போகும். குட்டியே பெறாத பெண் எலி முதலில் அதைப் பொருட்படுத்துவதில்லை. நியூயோர்க்கில் பியாங்கா ஜோன்ஸ் மார்லினும் ரொபர்ட் ஃப்ரோம்கேயும் 2015இல் காட்டியது இதைத்தான்: பிள்ளை பெறாத பெண் எலியைத் தாயோடும் குட்டிகளோடும் வைத்து ஒக்சிடோசின் என்ற இயக்குநீரைக் கொடுத்தால், அதன் மூளையின் இடப்பக்கச் செவிப்பகுதி அந்த அழுகைக்கு இசைந்து மாறுகிறது, அதுவும் குட்டியைத் தூக்கிவரக் கற்றுக்கொள்கிறது. பேற்றின்போது கருப்பையைச் சுருக்குவதும், காம்பில் பாலை இறக்குவதும் அதே ஒக்சிடோசின்தான். நம் தாய்மார்களின் உடம்பிலும் அதே வேலையை அது செய்கிறது.

சுண்டெலி தனியாகத்தான் வளர்க்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சூரிச் பல்கலைக்கழகத்தின் பார்பரா கோனிக், ஒரு பழைய களஞ்சியத்தில் சுயேச்சையாக வாழும் சுண்டெலிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். அக்கா தங்கை எலிகளும், நெடுநாள் பழகிய எலிகளும் ஒரே கூட்டில் ஈன்று, தன் குட்டி பிறர் குட்டி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பால் கொடுக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நஞ்சு வைத்து ஒரு தாயைக் கொன்றால் கூடு அழிந்துவிடும் என்ற எண்ணம் இந்த இடத்தில் பொய்யாகிறது. மற்றத் தாய் அந்தக் குட்டிகளுக்கும் பால் கொடுத்து வளர்த்துவிடும்.

ஆண் எலியின் பங்கு வேறு. அந்நிய ஆண், கூட்டில் குட்டியைக் கண்டால் கொன்றுவிடக் கூடும். ஆனால் ஒரு பெண்ணோடு இணைந்த ஆண், ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, தன் குட்டி பிறக்கும் சமயம் பார்த்து, கொல்வதை நிறுத்திவிடுகிறது. குட்டிகள் வெளியேறும் காலம் வரை அப்படியே இருந்து பிறகு பழைய குணத்துக்குத் திரும்புகிறது. ஃப்ரெடெரிக் வொம் சாலும் கிளென் பெரிகோவும் ஆய்வுக்கூடத்தில் விளக்கை மாற்றி மாற்றி எரித்து, நாளைச் சுருக்கியும் நீட்டியும் பார்த்தார்கள். ஆண் எலி மணிகளை எண்ணவில்லை; எத்தனை முறை பொழுது விடிந்தது என்பதையே எண்ணியது. என் வாசிப்பில் சுண்டெலியைப் பற்றி இதைவிட வியப்பான செய்தி எனக்குக் கிடைத்ததில்லை.

பெண்ணின் உடம்பும் சூழலை அளந்துகொண்டே இருக்கிறது. சினையான முதல் சில நாட்களில் அந்நிய ஆணின் வாடை பட்டால் கரு ஒட்டாமல் போய்விடும் என்பதை லண்டனில் ஹில்டா புரூஸ் 1959இல் கண்டறிந்தார். பிறந்தாலும் கொல்லப்படப் போகும் குட்டிகளுக்காகச் சத்தைச் செலவழிக்காமல் தாயின் உடம்பு அப்போதே கணக்கை மூடிவிடுகிறது என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இனி அந்த மூன்று வாரத்துக்கு வருவோம். ஈன்ற ஒரு நாளைக்குள் தாய் மறுபடி சினையாக முடியும். ஒரு குட்டித்தொகுதிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததை வயிற்றில் சுமக்கும். பால் கொடுக்கும் சுமை அதிகமானால் புதிய கரு கருப்பையில் ஒட்டாமல் சில நாள் காத்திருக்கும். பேறு 25 நாள் வரையோ அதற்கு மேலுமோ தள்ளிப்போகும். பெண் குட்டி ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்.

ஒரு சோடி எலி இன்று சேர்வதாக வைத்துக்கொண்டு, எந்த உயிரும் சாகாது என்ற கற்பனையில் கணக்கிடுவோம். இருபதாம் நாள் ஆறு குட்டி. நாற்பத்தைந்தாம் நாள் ஆறு. எழுபதாம் நாள் ஆறு. முதல் ஈற்றில் மூன்று பெண் என்றால், அவை எண்பத்திரண்டாம் நாள் ஆறாறாகப் பதினெட்டு ஈனும். தொண்ணூறாம் நாள் அந்தக் காம்பராவில் 38 எலி. உண்மையில் பூனை, சாரைப்பாம்பு, பசி, நோய் எல்லாம் சேர்ந்து பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். காட்டிலும் வீட்டிலும் சுண்டெலி பெரும்பாலும் ஓராண்டுகூட வாழ்வதில்லை. ஆனாலும் கொன்ற இடத்தை நிரப்பும் வேகம் இதுதான். முப்பதைக் கொன்று எட்டை விட்டால், மிஞ்சிய எட்டுக்கும் முன்பைவிட அதிகத் தீனி, அதிக இடம்.

தோட்டத்துக்கும் எலிக்கும் உள்ள கணக்கு தேயிலைக்கு முந்தியது. கோப்பிக் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களைக் கோப்பி எலி தாக்கியது. கோலுண்டா எல்லியோட்டி என்பது அதன் பெயர். காட்டில் நெலு என்ற செடியின் விதையைத் தின்று பெருகும் இது, விதை தீர்ந்து உணவு குன்றியதும் கூட்டம் கூட்டமாகக் கோப்பித் தோட்டத்துக்குள் இறங்கி மொட்டையும் இளங்கிளையையும் கத்தரித்துப் போட்டது. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அந்த எலியைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் தின்றார்கள் என்றும், எலி வரும் மாவட்டங்களை அவர்கள் விரும்பினார்கள் என்றும் அவரே குறித்திருக்கிறார்.

அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூலிப் புத்தகம்தான் கண்முன் நிற்கிறது. அரிசியும் துணியும் கடனாகக் கழிக்கப்பட்ட சம்பளத்தில், இறைச்சி என்பது எலிக்கூட்டம் வந்த பருவத்தில் கிடைத்த ஒன்று. அதை ஒரு விருப்பமாக எழுதியவர் பசியை எழுதவில்லை. ஆயிரம் எலி கொல்லப்பட்ட பிறகும் கோப்பித் தோட்டங்களில் எலி தீரவில்லை. 1869இல் தெரியவந்த இலைத்துரு நோய்தான் கோப்பியையே அழித்தது. அதன் பின் தேயிலையும், களனிப் பள்ளத்தாக்கில் ரப்பரும் வந்தன. சபரகமுவைத் தோட்டங்களின் லயங்களில் பெரும்பகுதி அந்தக் காலத்தின் வார்ப்பில் கட்டப்பட்டவை.

லயத்தைச் சுண்டெலியின் கண்ணோடு பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் காம்பரா. அதிலேயே படுக்கை, பெட்டி, மா மூட்டை, விறகு. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைத் தகரம் வரை எட்டுவதில்லை. ஒரு காம்பராவின் பரணில் ஏறிய எலி தொங்கல் வீடு வரை தரையைத் தொடாமல் போய்விடும். இரட்டை லயம் என்றால் முதுகுப்பக்கக் காம்பராவும் அதன் வழிதான். பென்சில் நுழையும் 6 மில்லிமீற்றர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். பத்துக் குடும்பத்துக்குக் கட்டிய லயம் எலிக்கு ஒரே வீடு. ஒரு வீட்டில் பெட்டியைக் கவிழ்த்தால் தாய் அடுத்த வீட்டில் ஈனுகிறது. ஆகவே எலி வருவதற்குக் குடியிருப்பவர்களின் சுத்தக்குறைவுதான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொரித்த மீனும் கோதுமை ரொட்டியும் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. திறந்த கூரை எல்லா வீட்டிலும் இல்லை.

சுண்டெலியோடு நிற்காமல் பெரிய எலிகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டெலிக்கும் பெருச்சாளிக்கும் சினைக்காலம் 21 முதல் 23 நாள். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், விளைவு கொடியது. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கி, எலிக்கு நோய் காட்டாமல், சிறுநீரோடு நெடுநாள் வெளியேறுகிறது. மாடும் எருமையும் நாயும்கூட அதைப் பரப்பும். வயல் சேற்றிலும் கானிலும் இரத்தினக்கல் குழியின் தேங்கிய தண்ணீரிலும் காத்திருந்து, காலில் உள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் நுழைகிறது. 2008இல் இலங்கை முழுவதிலும் 7,400க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் என்று பதிவாகியது. 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இரத்தினபுரியும் கேகாலையும் நோயாளர் அதிகமாகப் பதிவாகும் மாவட்டங்களில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. வயலிலோ குழியிலோ கான் வெட்டும் வேலையிலோ இறங்குபவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தடுப்பாகக் கொடுக்கப்படுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால் அது பற்றிச் சொல்வார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது. வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது, அண்மையில் எந்தச் சேற்றில் இறங்கினோம் என்பதை.

எலியைக் குறைக்க என்ன வழி என்பதற்குத் தெளிவான பதில் அமெரிக்காவின் போல்டிமோர் நகரிலிருந்து வந்தது. 1940களில் அங்கே டேவிட் டேவிஸ் முதலானோர் குடியிருப்புத் தெருக்களில் எலியை எண்ணிப் பார்த்தார்கள். பொறியும் நஞ்சும் வைத்துக் கொன்ற இடங்களில் எலித்தொகை சில மாதங்களில் பழைய அளவுக்கே ஏறியது. குப்பையை மூடி, பாழடைந்த மறைவிடங்களை அகற்றிய இடங்களில் கொல்லாமலே தொகை இறங்கி, இறங்கியபடியே நின்றது. ஓர் இடத்தில் எத்தனை எலி வாழும் என்பதை அங்குள்ள தீனியும் ஒளிவிடமும் தீர்மானிக்கின்றன.

நஞ்சைப் பற்றி எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒரே காம்பராவில் தவழும் பிள்ளையும் எலி மருந்தும் சேர்ந்து இருக்க முடியாது. பொறி வைக்கலாம், பூனை வளர்க்கலாம், சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்காமல் விடலாம். மாவையும் அரிசியையும் மூடியுள்ள தகரத்தில் வைக்கலாம். பெட்டியில் பழந்துணியை நெடுநாள் அசைக்காமல் கிடக்கவிடாமல் இருபது நாளுக்கு ஒருமுறை எடுத்து உதறி வெயிலில் போடலாம். எலியின் கணக்குக்கு அது எதிர்க்கணக்கு. கூடு கட்டினாலும் குட்டி பால் மறப்பதற்குள் நம் கை அங்கே போய்விடும்.

இவையெல்லாம் காம்பராவுக்குள் இருப்பவர்கள் செய்யக்கூடியவை. கூரை அவர்கள் கையில் இல்லை. தகரம் மாற்றும் ஒவ்வொரு லயத்திலும் இடைச்சுவர்களைக் கூரைவரை எழுப்பச் சொல்லிக் கேளுங்கள். லயத்தின் இரு தொங்கலிலும் மூடிய குப்பைக்குழி வேண்டும் என்று கேளுங்கள். தோட்ட நிருவாகத்திடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேளுங்கள். கதவடியிலும் சுவர் முகட்டிலும் 6 மில்லிமீற்றருக்குக் கூடிய இடைவெளி இருக்கக் கூடாது என்பதை அந்தக் கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.